நாடுகளை எண்களால் ஒப்பிடும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரிக் கணக்கெடுப்புகளில் களப்பணியாளனாக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். இப்போது மாலை வேளைகளில் போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் எழும் சந்தேகங்களும், செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்து உறவினர்கள் கேட்பவையும், கொழும்பிலும் துபாயிலும் இருக்கும் நண்பர்கள் கேட்பவையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே வைத்திருக்கிறேன். பேச்சு நடையை மட்டும் எழுத்து நடையாக மாற்றியிருக்கிறேன்.

1. ஜிடிபி என்றால் ஒரு நாட்டின் மொத்தச் சொத்து என்றுதானே பொருள்?

இல்லை. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமும் அந்தக் குடும்பத்தின் வீடு, நகை, நிலமும் வேறுவேறு அல்லவா? ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதலாவது வகை. ஓர் ஆண்டில் நாட்டின் எல்லைக்குள் புதிதாக உருவான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பு அது. "எல்லைக்குள்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் கேள்வியில் அதுதான் சிக்கலைக் கிளப்பப் போகிறது.

2. இந்தியப் பொருளாதாரம் உலகில் நான்காவதா, ஐந்தாவதா என்று சண்டை போடுகிறார்கள். அப்படியிருந்தும் நம்மை ஏன் ஏழை நாடு என்கிறார்கள்?

அந்த வரிசை மொத்தத் தொகைக்கானது. ஒரு நாட்டின் மொத்தம் பெரிதாக இருப்பதற்கு ஆள்தொகை ஒன்றே போதும். 2024இல் ஜெர்மனியின் தலா ஜிடிபி 55,000 டாலருக்கு மேல், ஜப்பானுடையது 32,000 டாலரை ஒட்டி. இந்தியாவுக்கு ஏறத்தாழ 2,700 டாலர். இந்தியாவில் 145 கோடிப் பேர் சேர்ந்து ஈட்டியதையும் ஜப்பானில் 12 கோடிப் பேர் ஈட்டியதையும் பக்கத்தில் வைத்துவிட்டு "முந்திவிட்டோம்" என்பதில் பொய் எதுவும் இல்லை. உலக வர்த்தகத்தில், ராணுவச் செலவில், பேச்சுவார்த்தை மேசையில் மொத்தத்துக்கு மதிப்பு உண்டு. மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் அது பதில் ஆகாது.

3. வாங்கும் திறனை வைத்துப் பார்த்தால் இந்தியா மூன்றாம் இடமாமே? ஒரு நாட்டுக்கு எப்படி இரண்டு கணக்கு இருக்க முடியும்?

சென்னையில் முடி திருத்த ஆகும் பணத்தை டாலராக மாற்றிக்கொண்டு நியூயார்க்குக்குப் போனால் சலூன் கதவைக்கூடத் திறக்க முடியாது. உள்ளூரில் மட்டும் கிடைக்கும் சேவைகள், கூலி மலிவான நாட்டில் மலிவாகவே இருக்கும். வங்கியின் நாணய மாற்று விகிதம் இதைக் காட்டாது. அதனால் ஒரே மாதிரியான பொருள்களுக்கு வெவ்வேறு நாடுகளில் என்ன விலை என்று திரட்டி, வேறொரு மாற்று விகிதம் போடுகிறார்கள். 2017ஆம் ஆண்டுக்கான சுற்றில் சந்தையில் ஒரு டாலர் 65.12 ரூபாய். வாங்கும் திறன் கணக்கில் அதே டாலர் 20.65 ரூபாய். இந்தியாவின் மதிப்பு மூன்று மடங்குக்கு மேல் பெருகுவது இதனால்தான்.

எதை எப்போது எடுப்பது? சாப்பாடு, வாடகை, பஸ் கட்டணம் என்று வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டால் வாங்கும் திறன். கச்சா எண்ணெய், விமானம், வெளிநாட்டுக் கடன் என்று வந்தால் சந்தை விகிதம். எண்ணெய் விற்பவர் 20 ரூபாய்க்கு ஒரு டாலர் தரமாட்டார். தமக்கு வசதியான கணக்கை மட்டும் எடுத்துப் பேசுவோர் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

4. அப்படியானால் தலா ஜிடிபி உச்சத்தில் இருக்கும் லக்ஸம்பர்க், அயர்லாந்து மக்கள்தான் உலகிலேயே பெரிய பணக்காரர்களா?

வசதியானவர்கள்தான். ஆனால் அந்த எண் சொல்லும் அளவுக்கு இல்லை. லக்ஸம்பர்க்கில் சம்பளம் வாங்குவோரில் பாதியை நெருங்கும் அளவினர் காலையில் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் எல்லை தாண்டி வந்து மாலையில் வீடு திரும்புபவர்கள். அவர்கள் உழைப்பு லக்ஸம்பர்க் எல்லைக்குள் நடக்கிறது, ஆகவே தொகுதி எண்ணில் சேர்கிறது. அவர்கள் குடியிருப்பது வேறு நாட்டில், ஆகவே பகுதி எண்ணில் சேர்வதில்லை. வகுத்தால் வீங்கிய விடை வராமல் என்ன செய்யும்?

அயர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 2015ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொருளாதாரம் 26.3 சதவீதம் வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவித்தார்கள். புதிய ஆலை எதுவும் முளைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் வரிச் சலுகைக்காகத் தங்கள் காப்புரிமைகளையும் அறிவுசார் சொத்துகளையும் அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியிருந்தன. குத்தகை விமானங்களும் பெரிய அளவில் ஏட்டளவில் இடம் மாறியிருந்தன. பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் அந்த வளர்ச்சியை, அயர்லாந்து நாட்டார் கதைகளில் வரும் குள்ளப் பூதத்தின் பெயரால் கிண்டல் செய்தார். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் பூசி மெழுகாமல், இத்தகைய வீக்கத்தைக் கழித்த திருத்திய தேசிய வருமானம் என்ற புதிய அளவையே 2017இல் கொண்டுவந்தது. அண்மை ஆண்டுகளில் அது ஜிடிபியில் 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. தன் நாட்டின் பெருமைக்குரிய எண்ணைத் தானே பாதிக்குச் சற்று மேல் வரை வெட்டிக் காட்டிய அலுவலகம் என்பதால் எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

5. நைஜீரியாவின் ஜிடிபி ஒரே நாளில் 89 சதவீதம் கூடியதாகப் படித்தேன். அதுவும் இந்த மாதிரி ஏமாற்றா?

இல்லை, நேர் எதிர். 2014 ஏப்ரல் வரை நைஜீரியா தன் பொருளாதாரத்தை 1990ஆம் ஆண்டின் அமைப்பை அடிப்படையாக வைத்தே அளந்து வந்தது. இடையில் கைப்பேசி நிறுவனங்களும் நாலிவுட் திரைப்படத் துறையும் பெரிதாக வளர்ந்துவிட்டன. பழைய ஏட்டில் அவற்றுக்கு உரிய இடமில்லை. அடிப்படை ஆண்டை 2010க்கு மாற்றியதும் 2013க்கான மதிப்பு 89 சதவீதம் கூடி, தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் முதல் பொருளாதாரமானது. அன்று காலையில் லாகோஸில் யார் பையிலும் கூடுதலாக ஒரு நைரா ஏறவில்லை. அளவுகோல் மாறிய ஆண்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் இணைக்காமல் இருந்தால் போதும்.

6. இலங்கையில் பணவீக்கம் மைனசுக்கே போய்விட்டது என்றார்கள். கடையில் சாமான் விலை ஏன் இறங்கவில்லை?

கொழும்பு நண்பர் கோபமாகக் கேட்டது இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும். 2021 செப்டம்பரில் ஒரு குடும்பத்தின் மாதச் சாமான்கள் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீடு ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. ஆக 169 ரூபாய் 80 காசு. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம், அதாவது 172 ரூபாய். 2024 செப்டம்பரில் மைனஸ் 0.5 சதவீதம், அதாவது 171 ரூபாய் சொச்சம்.

செய்தியில் 69.8 என்பது மைனஸ் 0.5 ஆனது மாபெரும் வீழ்ச்சி. கடையில் 172 என்பது 171 ஆனது. இரண்டும் உண்மை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் நின்றுவிட்டால் வண்டி ஏறிய மேட்டிலேயே நிற்கும். 100க்குத் திரும்பவேண்டும் என்றால் விலைகள் 40 சதவீதத்துக்கு மேல் சரியவேண்டும். அப்படி ஒரு சரிவு வந்தால் வியாபாரமும் வேலையும் முடங்கிப்போகும். மக்கள் எதிர்பார்க்கவேண்டியது சம்பளம் 171ஐ எட்டிப் பிடிப்பதைத்தான். என் நண்பரின் சம்பளம் எட்டிப் பிடிக்கவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது.

7. என் பூட்டனார் 85 வயது வரை வாழ்ந்தார். அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் 32 என்று எழுதுகிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். 1940களில் இந்தியாவின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32தான். அதற்காக எல்லோரும் 32 வயதில் இறந்தார்கள் என்று பொருள் இல்லை. பத்துக் குழந்தைகள் பிறந்து, நான்கு பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்து, மீதி ஆறு பேரும் 55 வயது வரை வாழ்ந்தால் சராசரி 33. அந்த ஊரில் 33 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. உங்கள் பூட்டனார் குழந்தைப் பருவத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களில் ஒருவர். தாண்டாதவர்களைப் பற்றிப் பேச அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.

8. நாடு பணக்கார நாடானால் மக்கள் ஆயுள் தானாகக் கூடிவிடுமா?

ஏழை நாடுகளில் கொஞ்சம் வருமானம் கூடினாலும் ஆயுள் வேகமாகக் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் பணம் எவ்வளவு ஏறினாலும் ஆயுள் அசைவது அரிது. மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன் 1975இல் இதை வளைகோடாக வரைந்து காட்டினார். அந்தக் கோட்டைவிட அதில் பொருந்தாமல் நிற்கும் நாடுகள்தான் எனக்குப் பிடித்தவை. அமெரிக்கா 2023இல் தன் ஜிடிபியில் 17.6 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிட்டது, சராசரி ஆயுள் 78.4. தலா வருமானத்தில் பக்கத்தில்கூட வரமுடியாத இலங்கையில் அது 77ஐ ஒட்டி இருக்கிறது. இலவச மருத்துவமனை, பெண் கல்வி, ஊர்தோறும் குடும்ப நல மருத்துவிச்சி என்று பல பத்தாண்டுகளாகப் போட்ட முதலீடு அது. போரும் பொருளாதார முறிவும் கண்ட நாடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

9. ஜப்பானில் ஆயிரம் பேருக்கு 13 பேர் இறக்கிறார்கள், இந்தியாவில் ஆறேழு பேர்தான். அவர்களுக்குத்தான் ஆயுள் அதிகம் என்கிறீர்கள்!

இந்தக் கேள்வி கேட்கும் மாணவருக்கு நான் கைகொடுப்பேன். இரண்டு எண்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார் அல்லவா?

ஆயிரத்துக்கு எத்தனை இறப்பு என்ற கணக்கில் மக்களின் வயது தெரியாது. ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் 29 சதவீதம், இந்தியாவில் 7 சதவீதம் அளவில். எந்த வயதை எடுத்தாலும், அந்த வயதுள்ள ஜப்பானியர் இறக்கும் வாய்ப்பு அதே வயது இந்தியருக்கு உள்ளதைவிடக் குறைவு. ஆனால் இறக்கும் வயதில் இருப்போர் அங்கே நான்கு மடங்கு. மொத்தத்தில் இறப்பு கூடிவிடுகிறது. நம் நாட்டுக்குள்ளேயே கேரளத்தின் இறப்பு விகிதம் பிகாருடையதைவிட அதிகம். பிகாரில் மருத்துவ வசதி மேல் என்று இதை வைத்து யாரும் வாதிடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதன் மறுமுனை வளைகுடா. கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் ஆயிரத்துக்கு இரண்டு இறப்புகூட இல்லை, உலகிலேயே மிகக் குறைவான அளவு. அங்கே இருப்போரில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த வெளிநாட்டவர். கத்தார் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆண்கள். திருநெல்வேலியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் இருபத்தைந்து வயதில் மருத்துவப் பரிசோதனையில் தேறிப் போகிறவர், முதுகு வளைந்ததும் ஊர் திரும்புகிறார். அவர் உழைப்பு அந்த நாட்டு ஜிடிபியில் சேர்கிறது, அவர் முதுமையும் நோயும் இறப்பும் நம் ஊர்ப் பதிவேட்டில் ஏறுகின்றன. துபாய் நண்பரிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, விசா எப்போது முடிகிறது என்று பார்க்கவேண்டும் என்றார்.

10. வேலையில்லாதோர் நைஜரில் 1 சதவீதத்துக்கும் கீழே, தென்னாப்பிரிக்காவில் 30க்கு மேலே. நைஜரில் வேலை கொட்டிக் கிடக்கிறதா?

நைஜர் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. புள்ளியியலில் வேலையில்லாதவர் என்று எழுதவேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் வேண்டும்: குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்கக் கூடாது, வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். உதவித்தொகையோ சேமிப்போ இல்லாத நாட்டில் சும்மா இருந்து வேலை தேட யாருக்கு வசதி? ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார், சந்தையில் நாலு வெங்காயம் விற்பார். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அவர் வேலையில் இருப்பவர்.

தென்னாப்பிரிக்காவில் சிறு விவசாயமும் தெருவோர வியாபாரமும் நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே ஒடுக்கப்பட்டுவிட்டன. வேலை என்றால் சம்பள வேலை, இல்லாவிட்டால் தேடவேண்டியதுதான். அங்கே அந்த 30 சதவீதம் உண்மையான துயரம். நைஜரின் 1 சதவீதமும் துயரம்தான், வேறு பெட்டியில் இருக்கிறது. ஏழை நாடுகளை ஒப்பிடும்போது நான் வேலையின்மையைப் பார்ப்பதே இல்லை. என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை பேருக்கு மாதச் சம்பளம் என்று பார்ப்பேன்.

11. இந்தியாவில் பெண்கள் வேலையில் பங்கேற்பது ஆறே ஆண்டில் 23லிருந்து 41 சதவீதத்துக்கு மேல் போய்விட்டதாம். என் தெருவில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே?

காலமுறை தொழிலாளர் ஆய்வுப்படி 2017–18இல் 23.3 சதவீதம், 2023–24இல் 41.7. எண் சரிதான். அது எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன்.

வாசலில் இரண்டு கறவை மாடு கட்டியிருக்கும் வீடு. களப்பணியாளர் அந்த வீட்டு அம்மாளிடம் "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பார். "வேலையெல்லாம் இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று பதில் வரும். நேரம் இல்லாதவர் இதோடு 92 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். 92 என்றால் வீட்டு வேலை மட்டும், உழைப்பாளர் கணக்கில் வராது. பொறுமை உள்ளவர் மேலும் கேட்பார். மாட்டுக்குத் தீவனம் வைப்பது யார்? நான்தான். பால் கறப்பது? நான்தான். சொசைட்டியில் ஊற்றுவது? அதுவும் நான்தான், பணம் மட்டும் அவர் பேரில் வரும். இப்போது எழுதவேண்டியது 21, குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியாளர். அந்த அம்மாள் உழைப்பாளர் ஆகிவிட்டார். நான்கு கேள்விக்கு முன்னும் பின்னும் அவர் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை.

ஏற்றம் முழுவதும் கேள்வி கேட்கும் முறையால் வந்தது என்று சொல்லமாட்டேன். கொரோனாவுக்குப் பிறகு குடும்ப வருமானம் சுருங்கியதால் பெண்கள் வயலுக்கும் சிறு தொழிலுக்கும் திரும்பியதும் உண்மை. ஏறியதில் பெரும்பங்கு கிராமப்புறத்தில், சொந்தத் தொழிலிலும் கூலியில்லா உதவியிலும் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் இல்லை. உங்கள் தெருவிலிருந்து காலையில் பை மாட்டிக்கொண்டு கிளம்பும் பெண்களின் எண்ணிக்கை அதனால்தான் மாறவில்லை. நாடுகளை ஒப்பிடும்போது இன்னொரு முடிச்சும் உண்டு. சொந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிரிடுவது வேலையாகாது என்று 2013இல் சர்வதேச வரையறையையே மாற்றினார்கள். சில நாடுகள் புதியதற்கு மாறிவிட்டன, சில பழையதிலேயே இருக்கின்றன. மாறிய நாட்டில் ஒரே ஆண்டில் லட்சக்கணக்கான பெண்கள் தாளில் வேலை இழப்பார்கள்.

12. தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்கிறார்கள். முக்கால் குழந்தை எப்படிப் பிறக்கும்?

மொத்தக் கருவுறுதல் விகிதம் எந்த ஒரு பெண்ணின் கதையும் அல்ல. 2023இல் 15 வயதுப் பெண்களில் எத்தனை பேர் பெற்றார்கள், 16 வயதில் எத்தனை பேர் என்று 49 வரை ஒவ்வொரு வயதுக்கும் விகிதம் எடுத்துக் கூட்டுகிறார்கள். இந்த ஒரே ஆண்டின் நிலவரத்திலேயே ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதையும் கழித்தால் எத்தனை பெறுவாள் என்பதே விடை. அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை.

அதனால் பேறு தள்ளிப்போனாலே எண் விழும். ஜப்பானில் 1966 ஒரு தீக்குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. 1965இல் 2.14ஆக இருந்த விகிதம் 1966இல் 1.58ஆக விழுந்து, 1967இல் 2.23க்கு எழுந்தது. பெற்றோர் ஓராண்டு காத்திருந்தார்கள், அவ்வளவுதான். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டு அடுத்தது 2026. ருமேனியாவில் நடந்தது கொடுமை. 1966இல் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. 1.9 என்றிருந்த விகிதம் மறு ஆண்டே 3.7க்குப் பாய்ந்தது. பிறகு மக்கள் சட்டத்தை மீறி வழி தேட, சில ஆண்டுகளில் மீண்டும் இறங்கியது. ஆணை போட்டுப் பிள்ளை பெறவைக்கும் யோசனைகள் இப்போதும் சில நாடுகளில் எழுவதால் இதைச் சொல்கிறேன்.

கொரியாவில் தள்ளிப்போடுவது மட்டும் காரணம் அல்ல. 1960இல் ஆறு பெற்ற நாடு அது. இன்று வீட்டு விலை, பயிற்சி வகுப்புச் செலவு, நீண்ட அலுவலக நேரம், வீட்டுச் சுமை முழுவதும் பெண் தலையில் விழுவது எல்லாம் சேர்ந்து, திருமணமே வேண்டாம் என்போர் பெருகிவிட்டார்கள். 2024இல் 0.75 என்று சற்றே ஏறியது.

13. தமிழ்நாட்டிலும் இரண்டுக்குக் கீழே போய்விட்டதே, பிறகு மக்கள்தொகை ஏன் இன்னும் குறையவில்லை?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாடு 1.8, பிகார் 3.0, இந்தியா 2.0. ஈடு செய்யத் தேவையான அளவு 2.1. உடனே குறையாததற்குக் காரணம் ஒன்பதாம் கேள்வியில் பார்த்த அதே வயது அமைப்பு. நிறையப் பிள்ளைகள் பிறந்த காலத்தில் பிறந்தவர்கள் இப்போது பெற்றோர் ஆகிறார்கள். ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் பெறுவோர் அதிகம், இறக்கும் வயதில் இருப்போர் குறைவு. இந்த உந்து ஓயச் சில பத்தாண்டுகள் ஆகும். வட இந்தியாவிலிருந்து வேலைக்கு வருவோரும் கணக்கில் சேர்கிறார்கள்.

14. உலக வங்கி வறுமைக் கோட்டை 3 டாலராக உயர்த்தியது, ஆனால் இந்தியாவில் ஏழைகள் குறைந்துவிட்டார்கள் என்றது. இது எப்படி?

2025 ஜூனில் 2.15 டாலர் என்றிருந்த கோட்டை 3 டாலராக்கினார்கள். இது வாங்கும் திறன் டாலர். மூன்றாம் கேள்வியில் சொன்னது போன்ற விகிதத்தில் பெருக்கினால் 2021 விலையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் சுமார், சந்தை விகிதப்படி 220 ரூபாய் அல்ல. புதிய கோட்டின்படி 2011–12இல் இந்தியாவில் 27.1 சதவீதம் பேர் அதற்குக் கீழே, 2022–23இல் 5.3 சதவீதம்.

குறைந்தது உண்மை. எவ்வளவு என்பதில்தான் பேச்சு. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே கேட்கும் முறை மாறியிருக்கிறது. முன்பு பெரும்பாலான பொருளுக்குக் கடந்த 30 நாளில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்ட எண்களை வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போது காய்கறி, மீன், முட்டை, எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாளை மட்டும் கேட்கிறார்கள். ஒரு மாதத்து மீனை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒரு வாரம் என்றால் நினைவு வரும், பதிவாகும் செலவு கூடும், ஏழைகள் குறைவார்கள். 1999–2000 ஆய்வில் இரண்டு கேள்வியையும் ஒரே வீட்டில் கேட்டுவைத்ததால், ஒரு பதில் மற்றொன்றை இழுத்து, அந்த ஆண்டின் வறுமை அளவு பற்றிய சர்ச்சை ஆண்டுக்கணக்கில் ஓடியது. புதிய முறை மேலானது என்பதே என் கருத்து. பழைய எண்ணோடு நேராக ஒப்பிடுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

15. உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடு இந்தியா என்று செய்தி வந்ததே, உண்மையா?

2025 ஜூலையில் வந்தது. ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குணகம் (குறைந்தால் சமத்துவம் அதிகம்) இந்தியாவுக்கு 25.5, அமெரிக்காவுக்கு 41.8 என்று பட்டியல் போட்டார்கள். இந்திய எண் செலவை அளப்பது, அமெரிக்க எண் வருமானத்தை அளப்பது. மாதம் 20 லட்சம் ஈட்டுபவர் அதில் பெரும்பகுதியைச் சேமிக்கிறார், 15,000 ஈட்டுபவர் அத்தனையையும் செலவழிக்கிறார். செலவில் பார்த்தால் இருவருக்கும் உள்ள தூரம் எப்போதும் சிறுத்தே தெரியும். வருமானத்தை வைத்து வேறு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது 2022–23இல் உச்சியில் உள்ள 1 சதவீதத்தினருக்கு நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம் போனது. அந்தக் கணக்கும் வரி ஏடு, அனுமானம் எல்லாம் கலந்ததுதான், வேதவாக்கு அல்ல.

களத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். குடிசை வீட்டில் உட்காரப் பாய் போட்டுப் பதில் சொல்வார்கள். உயர்ந்த மதில் வீட்டில் காவலாளியைத் தாண்டவே முடியாது. எந்த நாட்டிலும் பணக்காரர்கள்தான் கணக்கெடுப்பில் அகப்படாதவர்கள்.

16. உலகிலேயே ஸ்வீடனில்தான் பாலியல் வன்கொடுமை அதிகம் என்று பகிர்கிறார்களே?

பதிவு அதிகம். ஸ்வீடனில் ஒவ்வொரு செயலும் தனித்தனியாகப் பதிவாகும். கணவன் ஓராண்டாகக் கொடுமை செய்தான் என்று ஒரு பெண் புகார் தந்தால் அது ஒன்றல்ல, பல பதிவுகள். புகார் வந்ததுமே எண்ணிவிடுவார்கள், வழக்கு நிற்குமா என்று காத்திருக்கமாட்டார்கள். சட்ட வரையறையையும் 2005இலும் 2018இலும் விரிவாக்கினார்கள். காவல் நிலையத்துக்குப் போகவே அஞ்சும் நாட்டில் எண் குறைவாக இருப்பது நிம்மதிக்குரியது அல்ல.

17. அரசாங்கமே பொய்க் கணக்கு எழுதினால் யார் கேட்பது?

அர்ஜென்டினாவில் 2007இலிருந்து அரசு புள்ளியியல் அலுவலகத்தில் கைவைத்துப் பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டியது. தனியாக அளந்து வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்களுக்கு அபராதமும் போட்டது. 2013இல் சர்வதேச நாணய நிதியம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. கடைத்தெரு விலையை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் இந்தப் பொய் நீண்ட நாள் நிற்கவில்லை.

கிரேக்கம் வேறு மாதிரி. 2009ஆம் ஆண்டின் அரசுப் பற்றாக்குறை ஜிடிபியில் 3.7 சதவீதம் என்றார்கள், திருத்தித் திருத்தி இறுதியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. அந்த உண்மை எண்ணை வெளியிட்ட தலைமைப் புள்ளியியலாளர் ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியோவை, ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் அவர் கணக்கு சரி என்று சொன்ன பிறகும், பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு இழுத்தடித்தார்கள். முதலில் தவறான எண்ணைத் தந்தவர்களுக்கு அந்த அளவு தொல்லை இல்லை.

18. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காத நாட்டில் ஆள்தொகை எப்படித் தெரியும்?

பழைய கணக்கெடுப்போடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவர் போனவரைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். லெபனானில் கடைசி முழுக் கணக்கெடுப்பு 1932இல். மதவாரியாகப் பதவி பங்கிடும் நாட்டில் எண்ணிப் பார்க்க எல்லோருக்கும் பயம். இலங்கையில் 2001 கணக்கெடுப்பைப் போர் காரணமாக வடக்கு கிழக்கில் முழுமையாக நடத்த முடியவில்லை. 1981க்குப் பிறகு தீவு முழுவதற்கும் எண்ணியது 2012இல்தான். அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட எண்கள் எல்லாம் மதிப்பீடுகளே.

இந்தியா 2021இல் எடுத்திருக்க வேண்டியது 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. 2011 பட்டியலை வைத்தே ஆய்வுகளுக்கு மாதிரி எடுக்கிறார்கள், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு அரிசி என்பதும் அந்த 2011 எண்ணில்தான் நிற்கிறது. அதன் பிறகு பிறந்த பிள்ளை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது.

19. உலகத் தரவரிசையில் நாம் இத்தனை இடம் முன்னேறினோம் என்று போடுகிறார்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கி ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட்டு வந்தது. இந்தியா 142ஆம் இடத்திலிருந்து 63க்கு வந்தது. அந்த ஆய்வு இந்தியாவில் பார்த்தது டெல்லியையும் மும்பையையும் மட்டும்தான். பிறகு 2018, 2020 அறிக்கைகளில் சில நாடுகளின் எண்கள் முறைகேடாக மாற்றப்பட்டது தெரியவந்து, 2021 செப்டம்பரில் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள்.

பல அளவுகளை ஒன்றாகக் கலந்து தரவரிசை ஆக்கும்போது எதற்கு எவ்வளவு எடை என்பதை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். எடையைக் கொஞ்சம் மாற்றினால் இருபது நாடுகள் இடம் மாறும். தேர்வில் கேட்பார்கள் என்பதால் மாணவர்களை இடத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். தேர்வு முடிந்ததும், அந்த அறிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் பிரித்துக் காட்டப்பட்ட பக்கத்தை எடுத்துப் படிக்கச் சொல்கிறேன். ஒப்பந்தத் தகராறு ஒன்று நீதிமன்றத்தில் தீர எத்தனை நாள் ஆகிறது என்ற வரி 63ஆம் இடம் வந்த பிறகும் மிக மோசமாகவே இருந்தது.